குழலும் புழலும்

தமிழ் அகராதியில் 'புழல்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்க. உட்டுளை, குழாய் என்று அர்த்தம் போட்டிருக்கும். ஆனா சென்னைக்காரர்கிட்ட புழல் என்று சொன்னா இரண்டே விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு ஏரி. இன்னொண்ணு 2006-ல் திறந்த மத்திய சிறைச்சாலை. "எங்க இருக்கீங்க?" என்று கேட்கிறவங்ககிட்ட "புழல்ல இருக்கேன்" என்று சொல்லிட்டு, அவங்க முகம் மாறுவதைப் பார்க்கிறது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். இன்னிக்கு எழுதப்போற சமாச்சாரத்துக்கும் இந்த விலாசம் ரொம்பப் பொருத்தம். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்றேன்.

சமாச்சாரம் இதுதான். பழைய கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அந்தப் பெரிய ஆறு குண்டு ரிவால்வர். எனக்கு அதன் மேல தீராத பைத்தியம். நிஜத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, தொடப்போறதும் இல்லை. ஆனாலும் பைத்தியம். இதுக்கு முழுப் பொறுப்பு சிவகாசி. மாமா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இருந்துச்சு. 1984-ல் தொடங்கின லயன் காமிக்ஸ் அடுத்த வருஷமே இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லரைத் தமிழுக்குக் கூட்டிட்டு வந்துடுச்சு. அப்புறம் கேப்டன் டைகர், லக்கி லுக். ஒவ்வொருத்தர் இடுப்பிலும் அதே ரிவால்வர். சினிமாவும் சும்மா இல்லை. 1972-லேயே கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் 'கங்கா'வில் தொப்பி போட்டுக் குதிரை ஏறிட்டார். அரிசோனாவுக்கும் ஆந்திர எல்லைக்கும் வித்தியாசம் தெரியாத வயசில் இதெல்லாம் மண்டைக்குள்ள போனா வேற என்ன ஆகும்?

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த ரிவால்வருக்கு ஒரு பெயர் இருக்கு. கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செஞ்சது. குண்டளவு .45, அதாவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, 11 மில்லிமீட்டருக்கு மேல. கையில எடுத்தா ஒரு கிலோவுக்கு மேல கனக்கும். சிங்கிள் ஆக்ஷன் என்றால் என்ன? நம்ம பாஷையில் 'ஒரு ஃபங்ஷன், ஒரு வேலை'. விசையை இழுத்தா அது ஒரே ஒரு வேலைதான் பார்க்கும்: மேலே தூக்கி நிறுத்தியிருக்கிற சுத்தியலை விடுவிக்கும். சுத்தியலைத் தூக்கி நிறுத்துறது உங்க கட்டைவிரலோட வேலை. ஒவ்வொரு குண்டுக்கும் திரும்பத் திரும்பத் தூக்கணும். சுத்தியல் மேல போகும்போது உள்ளே ஒரு சின்ன நாக்கு சிலிண்டரின் பின்னால இருக்கிற பல்லைத் தள்ளி அடுத்த அறையைக் குழலுக்கு நேரா கொண்டு வரும், இன்னொரு துண்டு அதைப் பூட்டும். இந்தப் பயணத்தில் வரிசையா நாலு 'க்ளிக்' கேட்கும். ஆங்கிலத்தில் கோல்ட் என்ற பெயருக்கு நாலு எழுத்து, அதுக்கு நாலு சத்தம் என்று ரசிகர்கள் சொல்லுவாங்க.

அந்தச் சுத்தியலுக்குத் தமிழில் பழைய பெயர் ஒண்ணு இருக்கு. குதிரை. துப்பாக்கிக் குதிரை. கௌபாய் சமாச்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எந்த மொழியில் கிடைக்கும் சொல்லுங்க :-)

அமெரிக்காவில் இந்த ரிவால்வரை வச்சு ஒரு பெரிய பொழுதுபோக்கே நடக்குது. சுடுறது பாதி, கழட்டி மாட்டுறது மீதி. கைப்பிடிக்குக் கொம்பு, வால்நட் மரம் என்று மாத்துவாங்க. குதிரையின் நுனியைக் கட்டைவிரலுக்கு எட்டுற மாதிரி தாழ்த்துவாங்க. ஸ்பிரிங்கை இளக்கி, உரசுற இடங்களை மெருகேத்தி, விசையை வெண்ணெய் மாதிரி ஆக்குவாங்க. இந்தக் கலையில் ஆதிகுரு எல்மர் கீத் என்ற பண்ணைக்காரர். 1920-களின் கடைசியில் ஒரு பழைய கோல்ட்டைப் பல கைவினைஞர்களிடம் கொடுத்து, கைப்பிடி, குதிரை, குறிபார்க்கும் மேடு என்று எல்லாத்தையும் மாத்தி, .44 குண்டுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சுக்கிட்டார். 1929-ல் அதைப் பத்தி 'கடைசி வார்த்தை' என்ற அர்த்தத்தில் தலைப்பு வச்சு ஒரு கட்டுரையும் எழுதினார். நிஜத்தில் அது முதல் வார்த்தைதான். நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அதை நகல் எடுத்துக்கிட்டிருக்காங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வேற. பழைய கோல்ட்டில் ஒரு டிசைன் பிரச்சினை உண்டு. ஆறு அறையிலும் தோட்டா போட்டா, குதிரை நேரா ஒரு தோட்டாவின் தலைமேல போய் உட்காரும். கைதவறிக் கீழே விழுந்தா வெடிச்சிடும். அதனால விவரம் தெரிஞ்சவங்க ஐந்து தோட்டாதான் போட்டாங்க. ஆறாவது அறை காலி, குதிரை அதன்மேல தூங்கும். 1953-ல் பில் ரூகர் இதே வடிவத்தை எடுத்து, அடிக்கடி ஒடியும் தகட்டு ஸ்பிரிங்குக்குப் பதிலா சுருள் ஸ்பிரிங் போட்டு .22-ல் ஒண்ணு விட்டார். 1955-ல் .357-ல் பிளாக்ஹாக் வந்துச்சு, அடுத்த வருஷம் .44 மேக்னம். ஆனா அந்த ஆறாவது அறைப் பிரச்சினை அப்படியே இருந்துச்சு. விழுந்து வெடிச்சு, வழக்குகள் வந்து, 1973-ல்தான் குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாலம் வச்சாங்க. விசையை இழுத்தா மட்டும் பாலம் மேல வரும், மத்த நேரம் குதிரை எதையும் தொடாது. நூறு வருஷப் பிழைக்கு ஒரு பேட்ச்! பழைய ரூகர்களையும் இலவசமா மாத்தித் தரோம் என்று கம்பெனி சொல்லியும், "என் துப்பாக்கியில் கை வைக்காதே" என்று சொன்ன ஆளுங்க இன்னிக்கும் உண்டு. பழைய நாலு க்ளிக் போயிடுமாம். பாதுகாப்பா, அசலா என்ற இந்தச் சண்டையை நம்ம ஊர் பழைய ஸ்கூட்டர் சங்கங்களிலும் கேட்டிருக்கேன்.

இதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மேஜைமேல செய்யற வேலை. அங்கே. இங்கே? 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம், பிரிவு 5-ன்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியைச் செய்யவும் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது, மாத்தியமைக்கவும் கூடாது. பிரிவு 6-ன்படி குழலை வெட்டிக் குட்டையாக்கக் கூடாது, பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்கக் கூடாது. மீறினா பிரிவு 25. 2019-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். என் விஷயத்தில் ஒரே ஆறுதல், பஸ் ஏற வேண்டியதில்லை. நடந்தே போயிடலாம்.

அதே மனுஷ ஆசை. அங்கே பொழுதுபோக்கு, இங்கே ஏழு வருஷம். ஏன் இப்படி? சட்டம் அப்படி, அவ்வளவுதான் என்று விட்டிருக்கலாம். ஆனா தோண்டிப் பார்த்தப்ப இந்த ரிவால்வரின் கதையில் இந்தியா ஆரம்பத்திலிருந்தே இருக்கு என்று தெரிஞ்சுது. வேடிக்கை பார்க்கிறவனா இல்லை. வேற ஒரு இடத்தில்.

1830. பாஸ்டனிலிருந்து 'கார்வோ' என்ற கப்பல் கல்கத்தாவுக்குக் கிளம்புது. அதில் கடலோடி வேலை கத்துக்க வந்த ஒரு பையன், வயசு 16. பெயர் சாமுவேல் கோல்ட். இந்தப் பயணத்தில்தான் அவனுக்குச் சுழலும் துப்பாக்கியின் யோசனை வந்தது, கப்பலில் கிடைச்ச மரத்துண்டைச் செதுக்கி மாதிரியும் செஞ்சான் என்பது கதை. கப்பலின் சுக்கானைப் பார்த்து வந்தது என்பாங்க சிலர், நங்கூரம் தூக்கும் உருளையைப் பார்த்து வந்தது என்பாங்க சிலர். எனக்கு உருளைக் கதைதான் பிடிக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், கையால சுத்துற பழைய வின்ச் ஏதாவது கண்ணில் பட்டால் நின்னு பாருங்க. உருளை, ஓரத்தில் பல்சக்கரம், அந்தப் பல்லில் விழுற ஒரு இரும்பு நாக்கு. சுத்தும்போது க்ளிக் க்ளிக் என்று முன்னால போகும், கையை விட்டா பின்னால போகாது. ரிவால்வரோட சிலிண்டர் இதேதான், அளவு மட்டும் சின்னது.

இன்னொரு கதையும் உண்டு. எலிஷா காலியர் என்ற பாஸ்டன்காரர் 1818-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கின சிக்கிமுக்கி ரிவால்வர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படைகளிடம் ஏற்கெனவே இருந்துச்சு, பையன் அதைப் பார்த்திருப்பான் என்பாங்க. அதுக்கும் முன்னாடி, நாலைந்து அறைகளைக் கையால சுழற்றிச் சுடுற இந்தியத் திரித்துப்பாக்கிகள் உண்டு. இப்ப அவை வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கு. ஆக, சுத்துற அறை நமக்குப் புதுசில்லை. கட்டைவிரலால் குதிரையைத் தூக்கினா அறை தானா சுத்தும் என்பதுதான் கோல்ட் பையனோட சேர்க்கை. 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். முதல் கம்பெனி 1842-ல் திவாலாச்சு. நம்ம ஸ்டார்ட்அப் பசங்க தைரியமா இருக்கலாம்.

1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்துச்சு. அங்கே கோல்ட் கடை விரிச்சார். எதிர்க்கடை ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர். ஆடம்ஸோட ரிவால்வரில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. விசையை இழுத்தா அதுவே குதிரையைத் தூக்கும், அதுவே விடும். கோல்ட் குறி தவறாது, ஆனா நிதானம் வேணும். ஆடம்ஸ் வேகம், ஆனா விசையை இழுக்கும்போது கை ஆடும். கோல்ட்டின் பாகங்களை இயந்திரத்தில் ஒரே அளவாகச் செஞ்சாங்க. ஆடம்ஸுடையதைக் கையால் ராவிப் பொருத்தினாங்க. இன்னொரு வித்தியாசம் குண்டளவு. கோல்ட்டின் பிரபலமான நேவி மாடல் .36, ஆடம்ஸில் .44, .50 எல்லாம் உண்டு. 1856-ல் போமான்ட் என்ற பொறியியல் படை அதிகாரி ஆடம்ஸில் கட்டைவிரல் வசதியும் சேர்த்தார். பிரிட்டிஷ் ராணுவம் அதை எடுத்துக்கிட்டுது. கோல்ட்டின் லண்டன் தொழிற்சாலை மூடிடுச்சு.

அடுத்த வருஷம் 1857.

அந்தப் போரில் நடந்ததாக ஒரு சம்பவத்தை ஃபாஸ்பெரி என்ற வங்காளப் படை அதிகாரி பின்னாளில் சொல்லியிருக்கார். துப்பாக்கி சுடுவதில் பெருமை பேசுற ஒரு ஆங்கிலேய அதிகாரி. கையில் கோல்ட் நேவி. எதிரே வாளோட ஒரு இந்தியச் சிப்பாய் ஓடி வர்றான். ஆறு குண்டும் சுட்டாச்சு, ஆறும் பட்டாச்சு. சிப்பாய் நிற்கவே இல்லை. வந்து அதிகாரியை வெட்டிட்டுத்தான் விழுந்தான். இதிலிருந்து அவங்க கத்துக்கிட்ட பாடம்: குண்டு சின்னது, பெருசாக்கு. அதோட, கட்டைவிரலால் தூக்கிக்கிட்டிருக்க நேரமில்லை, விசையை இழுத்துக்கிட்டே இரு. 1880-ல் என்ஃபீல்ட் .476. 1887-ல் வெப்ளி .455, 17 கிராம் ஈயம். கிட்டத்தட்ட அரை அங்குலக் குண்டு எதுக்கு என்று கேட்டா, காலனிகளில் ஓடி வர்ற ஆளை நிறுத்தணும் என்றுதான் பதில்.

இதைப் படிச்ச அன்னிக்குக் காமிக்ஸை மூடி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'பெரிய குண்டு' என்று நான் ரசிச்சது யார் உடம்பை வச்சு அளந்த அளவு? ஓடி வர்ற அந்தச் சிப்பாய் அவத்காரனா இருக்கலாம், பீகாரியா இருக்கலாம். எப்படியும் நம்ம பக்கத்து ஆள். குழலுக்கு இரண்டு பக்கம் உண்டு. காமிக்ஸ் படிக்கிறவன் எப்பவும் கைப்பிடிப் பக்கம் நிக்கிறதாவே நினைச்சுக்கிறான். வரலாறு நம்மை நிறுத்தினது துளைப் பக்கம். கோல்ட்டின் சொந்த ஊரிலும் இதே கதைதான். 1873 ரிவால்வரோட அமெரிக்கக் குதிரைப்படை யாரைத் துரத்துச்சு? செவ்விந்தியர்களை. டெக்ஸ் வில்லர் நவஹோக்களின் தலைவனா இருக்கிறது அந்தக் கதைக்காரங்க செஞ்ச ஒரு சின்னப் பிராயச்சித்தம் என்று நினைச்சுக்குவேன்.

1857-க்கு அப்புறம் பிரிட்டிஷ்காரங்க நம்ம கையிலிருந்து ஆயுதத்தை எடுக்க ஆரம்பிச்சாங்க. அதை முழுமையாக்கினது 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டு வந்த ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க, விற்க, செய்ய லைசென்ஸ் வேணும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் வேண்டாம். இந்தியர்களில் குடகர்கள் மாதிரி வெகு சிலருக்கு மட்டும் விலக்கு. அதே வருஷம் அதே லிட்டன் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கும் ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார். இந்திய மொழியில் எழுதுறவனும் துப்பாக்கி செய்யற கொல்லனும் ஒரே வருஷம் ஒரே கையெழுத்தில் சிக்கினாங்க. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில வருஷத்திலேயே எடுத்துட்டார். ரிப்பன் மாளிகை என்று பெயர் வச்சு நன்றிக்கடன் தீர்த்துட்டோம். ஆயுதச் சட்டம் அப்படியே நின்னுச்சு.

இதை எதிர்த்து முதலில் பெரிய குரல் எழும்பினது நம்ம சென்னையில்தான். 1887 டிசம்பர், காங்கிரசின் மூன்றாவது மாநாடு, ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கீஸ் கார்டனில். தலைவர் பத்ருதீன் தியாப்ஜி, பிரதிநிதிகள் 600 பேருக்கு மேல. அதில் ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தணும் என்று தீர்மானம் போட்டாங்க. பிபின் சந்திர பால் அந்தச் சட்டத்தின் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசினது அங்கேதான். கவனிச்சீங்களா, வெப்ளி .455 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த அதே வருஷம். அஹிம்சையின் அடையாளமான காந்தியே 1918-ல் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கின இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயல்களில் ஒண்ணாகச் சொன்னார். அன்னிக்கு அவங்களுக்குப் பிரச்சினை வெறும் துப்பாக்கி இல்லை. "உன்னை நம்ப மாட்டேன்" என்று முகத்துக்கு நேரா சொன்ன அந்த அவமானம்.

சட்டம் இருந்தும் ஆயுதம் வந்துச்சு, பின்வாசல் வழியா. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பலர் எழுதுற மாதிரி ரிவால்வரால் இல்லை. பெல்ஜியத்தில் செஞ்ச பிரௌனிங் பிஸ்டல். அந்த வட்டத்துக்கு ஆயுதப் பயிற்சி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் நடந்துச்சு, வ.வே.சு. ஐயர் மேற்பார்வையில். லிட்டனின் சட்டம் அந்த எல்லையைத் தாண்டாது இல்லையா?

சுதந்திரத்துக்கு அப்புறம்? 1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வச்சுக்கிற உரிமையும் இருந்துச்சு. அந்த ஞாபகத்தில் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஒத்துக்கலை. அன்றைய நிலைமையில் அதை எல்லோருக்கும் உரிய அடிப்படை உரிமையாக எழுத முடியாது என்பது அவர் கட்சி. திருத்தம் தோத்துடுச்சு. 1959-ல் புதுச் சட்டம் வந்துச்சு, 1962-ல் அமலுக்கு வந்துச்சு. இனப் பாகுபாடு போச்சு, லைசென்ஸ் நின்னுச்சு.

நான் அம்பேத்கர் பக்கம்தான். ரிவால்வர் பைத்தியம் இப்படிச் சொல்றானே என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1967 ஜனவரி 12 ஒண்ணு போதும். ராமாவரம் தோட்டத்தில் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கும்போது எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் பாய்ஞ்ச குண்டு தமிழ்நாட்டுக்கே பழக்கமான ஒரு குரலை மாத்திடுச்சு, கழுத்துக் கட்டோட எடுத்த போட்டோ அடுத்த மாதத் தேர்தலில் சுவரெல்லாம் ஒட்டப்பட்டுச்சு. கோபத்தில் நடந்த ஒரு வாக்குவாதம், கைக்கெட்டுற தூரத்தில் ஒரு கைத்துப்பாக்கி. நம்ம தெருவில் பைக் நிறுத்துற சண்டையை நினைச்சுப் பாருங்க. எல்லார் இடுப்பிலும் கோல்ட் இருந்தா புழல் ஜெயில் பத்தாது.

இன்னிக்கு நிலவரம் இதுதான். ராணுவம், போலீஸ் உபயோகிச்ச .303, .380, .455, 9 மி.மீ. மாதிரி அளவுகள் எல்லாம் தடை செய்யப்பட்ட வகை, சாதாரண ஆளுக்குக் கிடையாது. சாதாரண ஆளுங்க வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறது 1980-களிலேயே ஏறக்குறைய நின்னு போச்சு. லைசென்ஸ் கிடைச்சாலும் பெரும்பாலும் கையில வர்றது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்ளியோட வம்சம், குண்டு மட்டும் இளைச்சுப் போச்சு. 2019-லிருந்து ஒருத்தருக்கு இரண்டு துப்பாக்கிதான். லைசென்ஸ் கொடுக்கிறது நகரத்தில் போலீஸ் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர். கேட்கிறவர் யார், எதுக்காகக் கேட்கிறார் என்று பார்த்து முடிவு பண்ணுவாங்க. எஸ்டேட் முதலாளி, தொழிலதிபர், அரசியல்வாதிக்கு உயிர் பயம் என்று எழுத ஒரு காரணம் கிடைக்கும். "நாலு க்ளிக் கேட்கணும் சார்" என்று நான் எழுதினா என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. காமிக்ஸ் இருக்கு, தீபாவளிக்கு எட்டுக் கேப் வளையம் மாட்டுற பிளாஸ்டிக் ரிவால்வர் இருக்கு. (அதைக் கழட்டி, ஸ்பிரிங் மேல ரப்பர் பேண்ட் சுத்தி, கேப் தவறாம வெடிக்க வச்ச அனுபவம் வடசென்னைப் பசங்க எல்லாருக்கும் உண்டு. எல்மர் கீத்துக்கு வணக்கம்.) இந்தச் சட்டத்தால் நிஜமா நஷ்டப்பட்டவங்க வேற. நரிக்குறவர்கள்.

தமிழ்நாட்டில் துப்பாக்கியைத் தன் கையால பராமரிச்சு, தனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்ட மரபு ஒண்ணு உண்டென்றால் அது அவங்களுடையதுதான். நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியா மருந்தைப் போட்டு, ரவையைப் போட்டு, கம்பியால் இடிச்சு, கீழே ஒரு கேப்பு மாட்டி, கட்டைவிரலால் குதிரையைத் தூக்கி நிறுத்தி, விசையை இழுக்கணும். இன்னொரு தடவை அந்த வரிசையைப் படிச்சுப் பாருங்க. கட்டைவிரல், குதிரை, விசை. சுத்தமான சிங்கிள் ஆக்ஷன். 1851 கோல்ட் நேவியில் சுழலும் அறையை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது இதே வழிமுறைதான். நான் காமிக்ஸில் தேடினது கொக்கு, காடை அடிக்க எங்க ஏரிக்கரைகளிலேயே நடமாடியிருக்கு. நான் அதை ரிவால்வரின் சொந்தக்காரனா ஒரு நாளும் நினைச்சதில்லை.

1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அவங்க வேட்டையை முடிச்சு வச்சுது. ஆயுதச் சட்டம் கையில் இருந்ததைக் கேள்வி கேட்டுது. பறவைகளைக் காப்பாத்த வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனா ஒரு சமூகத்தின் தொழில், கருவி, கைப்பழக்கம் மூணும் ஒண்ணா போனப்ப பதிலுக்கு என்ன கொடுத்தோம்? ஊசிமணி, பாசிமணி விற்க பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரம். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவங்க கேட்டது பல வருஷக் கோரிக்கை. நாடாளுமன்றம் சேர்த்தது 2023-ன் தொடக்கத்தில்தான் அமலாச்சு. கல்வராயன், ஜவ்வாது மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் என்ற செய்தி இன்னிக்கும் பேப்பரில் வருது. அந்தச் செய்தியில் வர்ற ஆளுக்கு 'உயிர் பயம்' என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. ஒரே சட்டம்தான். ஆனா எல்லார் மேலயும் ஒரே கனத்தில் உட்காரலை. 1887-ல் மக்கீஸ் கார்டனில் பேசினவங்க சொன்ன புகாரும் கிட்டத்தட்ட இதுதான். அன்னிக்கு நிறம், இன்னிக்கு வசதி.

அப்போ கழட்டி மாட்டுற அந்த ஆசை எங்கே போச்சு? எங்க பக்கத்தில் அது திருவொற்றியூர் போச்சு. 1880-ல் .476 ரிவால்வர் செஞ்ச என்ஃபீல்ட் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செஞ்சு கொடுத்த தொடர்பில்தான் அந்த சைக்கிள் கம்பெனிக்கு ராயல் என்ஃபீல்ட் என்ற பெயரும், பீரங்கிச் சின்னமும், 'துப்பாக்கி மாதிரி செஞ்சது' என்ற விளம்பர வாசகமும் வந்துச்சு. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூரில் புல்லட் உருட்டினாங்க. ஒரே சிலிண்டர், பெரிய துளை, எளிமையான அமைப்பு, ஸ்பேனர் இருந்தா யாரும் பிரிக்கலாம். கைப்பிடி மாத்து, சீட் மாத்து, கார்புரேட்டர் மாத்து. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மெக்கானிக் பட்டறைகளில் நடக்கிறது வேற என்ன? வீட்டு மேஜையில் பண்ணா ஏழு வருஷம், ரோட்டோரத்தில் பண்ணா ஆயிரம் ரூபாய். (சைலன்சரைப் பிடுங்கினா போலீஸ் பிடிக்கும், அது தனி.)

நேரம் இருந்தா எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கு. வாள், கட்டாரி என்று எல்லாரும் அங்கேயே நின்னுடுவாங்க. நீங்க துப்பாக்கிகளையும் பாருங்க. குழலைச் செஞ்ச கொல்லன் யாரு, கட்டை செதுக்கின தச்சன் யாரு என்று அட்டையில் எழுதியிருக்காது. அந்தக் கைகளுக்கு வாரிசு யாருன்னு நான் தேடினப்ப எனக்குக் கிடைச்ச பதில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மணி கோத்துக்கிட்டிருக்கிற ஒருத்தர். அடுத்த தடவை அவர்கிட்ட பேரம் பேசுறதுக்கு முன்னாடி, அவங்க தாத்தா என்ன துப்பாக்கி வச்சிருந்தார்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. டெக்ஸ் வில்லர் கதையைவிட நல்ல கதை கிடைக்கலாம்.